மூன்று அங்குலம் வளர்ந்த பெண்ணுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கணக்கு நோட்டின் நடுத்தாளைப் பிரித்து, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறாய். பெயரையும் ஊரையும் போடாமல் பதில் எழுதச் சொன்னாய். அப்படியே செய்கிறேன். தபாலில் போடாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, ஏதோ ஓர் உள்விளையாட்டரங்கின் மூலையில் மெத்தையின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் நீ ஒருத்தி மட்டும் இல்லை.

ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் தொடங்கினாய். இப்போது பன்னிரண்டு. ஒரே வருஷத்தில் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாய். "தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன்" என்று நீ சொல்கிற, பின்பக்கமாகப் பாய்ந்து கையூன்றிச் சுழலும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் பேலன்ஸ் பீமில் இப்போது வரவில்லை. போட்டியில் இரண்டு முறை விழுந்தாய். உன் கிளப்பில் ஒன்பது வயதுக் குழந்தை அதைச் சுலபமாகச் செய்கிறாள். ஒருவர் உனக்கு வயதாகிவிட்டது என்றார், இன்னொருவர் சோற்றை நிறுத்து என்றார். நீ கேட்டது மூன்று கேள்வி. நான் தாமதமா? ஜெயிக்க என்ன செய்ய வேண்டும்? விழுந்துவிட்டு மறுபடி பீமில் ஏறும்போது எதை நினைக்க வேண்டும்?

முதலில் அந்த மூன்று அங்குலத்தைப் பற்றிப் பேசுவோம். அதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

கிட்டிப்புள் பார்த்திருப்பாய். புள்ளைச் சுண்டினால் சரசரவென்று சுற்றுகிறது. அதே விசையில் கிட்டிக்கோலைச் சுண்டிப் பார், சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி விழும். நீளம் கூடினால் சுழல்வது மெதுவாகும். உன் உடம்பும் அப்படித்தான். போன வருஷம் போட்ட அதே உந்துதலை இந்த வருஷமும் போடுகிறாய், ஆனால் சுழல வேண்டிய உடம்பு நீளமாகிவிட்டது. கை பீமைத் தொட வேண்டிய நொடி தள்ளிப் போகிறது, தொடும் இடமும் மாறுகிறது. பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், அதில் ஒரு விரற்கடை விலகினாலும் காலுக்கு இடமில்லை. இந்த வயதில் எலும்பு முதலில் நீள்கிறது, அதைத் தாங்கும் பலம் பல மாதம் கழித்தே வந்து சேர்கிறது. இடைப்பட்ட காலத்தில் போன வருஷத்து உடம்பின் அளவை வைத்துத்தான் மூளை கணக்குப் போடுகிறது. நீ எதையும் மறக்கவில்லை மா. புது உடம்புக்கு அந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே கீழே இறங்கு. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதில் செய். பிறகு தரையோடு ஒட்டிய பீம். பிறகு இரண்டு பக்கமும் மேட் அடுக்கிய பீம். அதற்கப்புறம்தான் 125 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிற பீம். சின்னப் பிள்ளைகள் செய்யும் இடத்துக்குத் திரும்பிப் போகிறோமே என்று கூச்சப்படாதே. உலகத்தின் பெரிய ஜிம்னாஸ்டுகளும் வளர்ச்சிக்குப் பிறகும் அடிபட்ட பிறகும் இந்தப் படிகளில்தான் திரும்ப ஏறினார்கள். மூன்று மாதமாகலாம், எட்டு மாதமும் ஆகலாம். ஆகட்டும்.

இப்போது உன் முதல் கேள்வி. தாமதமா?

இந்த விளையாட்டில் பெண்பிள்ளை என்றால் சின்ன உருவம், சின்ன வயது என்ற எண்ணம் ஊன்றிப்போனதற்கு 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் ஒரு பெரிய காரணம். ருமேனியாவின் நாடியா கொமனேச்சிக்கு அப்போது 14 வயது. பார் கம்பிகளில் அவர் ஆடி இறங்கியதும் பலகையில் 1.00 என்று வந்தது. 10.00 என்று காட்ட அந்தப் பலகையில் இடமே இல்லை. அந்த ஒலிம்பிக்கில் ஏழு முறை அவர் முழு மதிப்பெண் வாங்கினார். அதைப் பார்த்த உலகம் முழுக்க, பயிற்சியாளர்களும் பெற்றோர்களும் பதினான்கு வயதை ஒரு கெடுவாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் எல்லாம் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் வந்தது. அந்த அவசரத்தில் எத்தனையோ பிள்ளைகளின் முதுகும் முழங்காலும் போயின.

பிறகு விதி மாறியது, இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் சீனியர் போட்டிக்குக் குறைந்தபட்ச வயது 1981இல் 15 ஆனது, 1997இல் 16 ஆனது. அந்த ஆண்டுக்குள் 16 நிறையாதவர் இன்று ஒலிம்பிக்கில் ஆட முடியாது. வளரும் எலும்பைக் காப்பாற்றவே இந்த விதி. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆடிய ஒரு சீன வீராங்கனையின் வயது குறைவு என்று பின்னாளில் தெரிந்ததும், பத்து ஆண்டு கழித்து, 2010இல், அந்த அணியின் வெண்கலப் பதக்கத்தையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்படியானால் பன்னிரண்டு வயதில் நீ எங்கே இருக்கிறாய்? பந்தயம் தொடங்கவே நான்கு வருஷம் இருக்கிறது.

தொடங்கிய பிறகும் அது சட்டென்று முடிந்துவிடுவதில்லை. 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கியபோது அமெரிக்காவின் சிமோன் பைல்ஸுக்கு 27 வயது. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா 1992 பார்சிலோனாவில் முதல் ஒலிம்பிக் ஆடினார். மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சிகிச்சைக்காக ஜெர்மனிக்குக் குடிபோனார், அந்த நாட்டுக்காக ஆடி 2008இல் 33 வயதில் வால்ட்டில் வெள்ளி வாங்கினார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அவருக்கு எட்டாவது. அப்போது அவருக்கு 46 வயது. பார்வையாளர் இல்லாத அந்த அரங்கில், அவர் கடைசி வால்ட்டை முடித்ததும் மற்ற நாட்டு வீராங்கனைகளும் நடுவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆனால் உனக்குச் சொல்ல நான் ஆசைப்படுகிற கதை அகர்தலாவில் நடந்தது.

தீபா கர்மாகர் 1993இல் திரிபுராவில் பிறந்தவர். அப்பா பளுதூக்கும் பயிற்சியாளர். ஆறு வயதில் மகளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்தார். பிள்ளைக்குத் தட்டைப் பாதம். பாதத்தின் நடுவில் வளைவு இல்லாவிட்டால் ஓடி மிதித்து எழும்புவதும் கஷ்டம், மேலிருந்து இறங்கி நிற்பதும் கஷ்டம். ஜிம்னாஸ்டிக்ஸோ இந்த இரண்டையும்தான் நாள் முழுக்கக் கேட்கும். பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அந்தப் பாதத்தைச் சரிசெய்யவே வருஷக்கணக்கில் உழைத்தார். கருவிகள் போதாத கூடம் அது. பழைய ஸ்கூட்டரின் உதிரிபாகங்களைக் கொண்டு பயிற்சிச் சாதனம் செய்துகொண்ட கதையை அவர்கள் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

தீபாவுக்குப் பன்னிரண்டு வயதில் உலகத்தில் யாருக்கும் அவரைத் தெரியாது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஆடினார், இந்தியாவுக்கான பதக்கம் சக வீரர் ஆஷிஷ் குமாருக்குத்தான் கிடைத்தது. தீபாவின் முதல் பெரிய பதக்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வால்ட்டில் வந்த வெண்கலம். அப்போது அவருக்கு 21 நிறையப் போகிறது. ஜிம்மில் அடியெடுத்து வைத்துப் பதினான்கு வருஷம் ஓடியிருந்தது.

கிளாஸ்கோவில் அவர் செய்தது புரோடுனோவா. ரஷ்யாவின் யெலேனா புரோடுனோவா 1999இல் செய்து காட்டியதால் அவர் பெயரே வந்துவிட்டது. 25 மீட்டர் வரை ஓடிவந்து, பலகையை மிதித்து, வால்ட் மேசையில் கையூன்றி எழும்பி, முன்பக்கமாகக் காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் காலில் இறங்க வேண்டும். முன்பக்கமாகச் சுழல்வதால் கடைசி நொடி வரை தரை கண்ணுக்குத் தெரியாது. அரைச் சுற்றுக் குறைந்தால் கழுத்தில் விழ நேரும். போட்டியில் இதைச் செய்த பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

2016இல் தீபா ரியோவுக்குப் போனார். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவிலிருந்து ஒருவர் ஆடி 52 வருஷமாகியிருந்தது. பெண்களில் அவர்தான் முதல் ஆள். எட்டுப் பேர் மட்டும் ஆடும் வால்ட் இறுதிச் சுற்றுக்கு எட்டாவதாக நுழைந்தார். ஆகஸ்ட் 14, ஞாயிறு இரவு, நம் ஊரில் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் என்னவென்று தெரியாத வீடுகளில்கூட டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வால்ட் புரோடுனோவா. சுழன்று இறங்கியபோது இடுப்பு தரையை உரசும் அளவுக்கு உட்கார்ந்துபோனார், ஆனாலும் எழுந்து நின்றார். சராசரி 15.066. வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டீங்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.150. நான்காம் இடம்.

அந்த 0.150ஐ நினைத்து அன்றிரவு நான் அழுதேன். ஆனால் அதற்குப் பின் அவர் வாழ்ந்த எட்டு வருஷம்தான் உனக்கு வேண்டியது. ரியோவிலிருந்து வந்தவர் எம்.ஏ. அரசியல் அறிவியல் தேர்வு எழுதினார். 2017இல் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை. 2018இல் துருக்கியின் மெர்சினில் உலகச் சேலஞ்ச் கோப்பையில் வால்ட் தங்கம். மறுபடி முழங்கால் தொல்லை. ஊக்கமருந்துச் சோதனையில் 21 மாதத் தடை. (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.) எல்லோரும் முடிந்தது என்று நினைத்த பிறகு, 2024 மே மாதம் தாஷ்கண்டில், 30 வயதில், ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம். சீனியர் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒரு இந்திய ஜிம்னாஸ்ட் தங்கம் வாங்கியது அதுவே முதல் முறை. அந்த அக்டோபரில் ஓய்வு பெற்றார். ஆறு வயதிலிருந்து கணக்கிட்டால் கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷம். உன் பன்னிரண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

இரண்டாவது கேள்வி, ஜெயிப்பது எப்படி. இதற்கு மதிப்பெண் போடும் முறையையே நீ படிக்க வேண்டும். பல பிள்ளைகள் படிப்பதில்லை, கோச் சொன்னதைச் செய்துவிட்டு எண்ணைப் பார்த்து அழுகிறார்கள். 2006 முதல் பழைய பத்துக்குப் பத்து இல்லை. ஒரு நடுவர் குழு நீ செய்ததன் கடினத்தைக் கூட்டுகிறது, இன்னொரு குழு செய்த நேர்த்திக்கு 10இல் தொடங்கிக் கழிக்கிறது. இரண்டையும் சேர்த்ததுதான் உன் மதிப்பெண். வயதுப் பிரிவுப் போட்டிகளில் விதி கொஞ்சம் மாறினாலும் அடிப்படை இதுதான்.

பீமில் ஒரு 'ஏ' வகை அசைவுக்கு 0.1, 'பி'க்கு 0.2, 'சி'க்கு 0.3. ஒரு எழுத்து மேலே போனால் கிடைப்பது 0.1 மட்டும். பீமிலிருந்து விழுந்தால் போவது முழுசாக 1.0. இன்னும் சரியாக வராத 'சி'யைச் செய்து ஒரு முறை விழுந்தால், அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை முறை விழாமல் செய்ய வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். சின்னத் தவறுக்கு 0.1, நடுத்தரத் தவறுக்கு 0.3, பெரியதற்கு 0.5. முழங்கால் மடங்கினால் போகும், கால்விரல் நீட்டாவிட்டால் போகும், இறங்கும்போது ஓரடி நகர்ந்தால் போகும். உன் போட்டியில் இரண்டு விழுதலுக்குப் போன 2.0 எல்லோருக்கும் தெரியும். உன் பீம் வீடியோவை வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, கால்விரலை மட்டும் பார். விழாத இடங்களிலும் எவ்வளவு போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுது. அதை மீட்க வளர்ந்த உடம்பு தடையில்லை, நீளமான காலுக்கு நீட்டிய விரல் இன்னும் அழகு.

வால்ட் வேறு கணக்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஓட்டம், எழும்புதல், இறங்குதல் எல்லாம் ஒரே வீச்சில் முடிந்துவிடுவதால் அங்கே கடினத்துக்கு எடை அதிகம். தீபா புரோடுனோவாவை எடுத்ததற்குக் காரணம் அதுதான், அதற்கு அப்போது 7.0 கடினப் புள்ளி. ஆனால் அதை அவர் கையில் எடுத்தது பதின்மூன்று வயதில் இல்லை. கால், தோள், வயிறு எல்லாம் இறுகி, மெத்தைக் குவியல்களின் மேல் திரும்பத் திரும்ப இறங்கிப் பார்த்த பிறகு எடுத்தார்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. எனக்குப் பதின்மூன்று வயதில் மணிக்கட்டு வலித்தது. நானும் அப்போது பள்ளி அணியில் இருந்தேன். ஹேண்ட்ஸ்டாண்டில் நிற்கும்போது கையின் பின்புறம் ஊசி குத்துவதுபோல் இருக்கும். சொன்னால் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியில் தைலம் தேய்த்துத் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். ஐந்து மாதம் மறைத்தேன். ஒருநாள் அம்மா சப்பாத்திக் கட்டையைக் கொடுத்தபோது அதைப் பிடித்து உருட்ட முடியவில்லை, அதில்தான் பிடிபட்டேன். அதற்குப் பிறகு நான் போட்டியில் ஆடவே இல்லை. ஓடவோ ஆடவோ இன்று எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் தரையில் கையூன்றி எழும்போதெல்லாம் அந்த ஐந்து மாதம் ஞாபகம் வரும்.

ஏன் அப்படி ஆனது என்று பின்னாளில்தான் புரிந்தது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் மெல்லிய குருத்தெலும்புப் பகுதி இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடியும்வரை அது மற்ற எலும்பைவிடப் பலவீனமானது. மற்ற விளையாட்டில் காலுக்குத்தான் பாரம், ஜிம்னாஸ்டிக்ஸில் மணிக்கட்டும் உடம்பைச் சுமக்கிறது. ஆரம்பத்திலேயே சொல்லிச் சில வாரம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். மறைத்தால் அந்த இடமே சேதமாகும். கீழ்முதுகும் அப்படித்தான். பின்னால் வளையும்போது மட்டும் வரும் முதுகுவலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். மருத்துவரைப் பார்க்காமல் ஒரு பிரிட்ஜ்கூடப் போடாதே. பயிற்சி முடிந்த பிறகு வருகிற உடம்பு அசதி வேறு, ஒரே இடத்தில் குத்துகிற வலி வேறு. உனக்கே வித்தியாசம் தெரியும்.

பெரியவர்களும் இந்த அவசரத்தில் தவறியிருக்கிறார்கள். சோவியத் யூனியனின் எலேனா முகினா 1978 உலகச் சாம்பியன். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு முந்திய வருஷம் அவர் கால் எலும்பு முறிந்தது. முழுதாக ஆறுமுன் பயிற்சிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தாமஸ் சால்ட்டோ என்ற ஒரு சுழற்சி ஆபத்தானது, தனக்கு அது கைவரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. 1980 ஜூலை 3, ஒலிம்பிக் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், அந்தச் சுழற்சியில் தாடை தரையில் பட விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. அப்போது அவருக்கு 20 வயது. 2006இல் இறந்தார். சர்வதேச விதிகள் இன்று பெண்களுக்கு அந்தச் சுழற்சியை அனுமதிப்பதில்லை.

இப்போது 2021 டோக்கியோவைப் பார். அணிப் போட்டியின் முதல் வால்ட்டில் சிமோன் பைல்ஸ் இரண்டரைத் திருகல் போட வேண்டும். ஒன்றரையில் நின்றுவிட்டது. காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஜிம்னாஸ்டுகள் எல்லோரும் பயப்படுகிற நிலை அது. பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னார், போட்டியிலிருந்து விலகினார். உலகத்தில் பாதிப் பேர் திட்டினார்கள். ஒரு வாரம் கழித்துத் திருகல் இல்லாத இறக்கத்தோடு பீமில் ஆடி வெண்கலம் வாங்கினார், மூன்று வருஷம் கழித்துப் பாரிஸில் ஆடினார். முகினா சொன்னதைக் கேட்க ஆள் இல்லை, பைல்ஸ் சொன்னதைக் கேட்டார்கள். உனக்குக் கோச் தேடும்போது உன் பெற்றோர் பார்க்க வேண்டிய முதல் தகுதி இதுதான் என்று நினைக்கிறேன். சான்றிதழும் பதக்கமும் பிறகு. "இன்றைக்குப் பயமாக இருக்கிறது சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த ஆள் என்ன செய்கிறார்? மேட் ஒன்று கூடுதலாகப் போட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறாரா, எல்லோர் முன்னாலும் கேலி செய்கிறாரா? பத்து நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சோற்றை நிறுத்தச் சொன்னவருடைய பேச்சைக் கேட்காதே. இதில் எனக்குச் சமரசம் இல்லை. 1988இல் ஒரு நடுவர், அமெரிக்காவின் கிறிஸ்டி ஹென்ரிக் என்ற பெண்ணிடம், அணியில் இடம் வேண்டுமானால் எடையைக் குறை என்று சொன்னார். அவள் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினாள். அது நோயாக முற்றி, 1994இல் 22 வயதில் இறந்தாள். இந்த விளையாட்டின் மிகப் பெரிய வெட்கங்களில் ஒன்று அது. வளர்கிற உடம்புக்குச் சாப்பாடு குறைந்தால் எலும்பு வலுவிழக்கும், மாதவிடாய் தள்ளிப் போகும் அல்லது நின்றுபோகும், அடிபட்டால் ஆறாது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிடு. முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோறு, பருப்பு, முட்டை, கீரை, தயிர். ராகி, கடலை, எள்ளு எல்லாம் எலும்புக்கு நல்லது. பதினைந்து வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலோ, வந்த பிறகு மூன்று மாதம் தொடர்ந்து நின்றுபோனாலோ, விளையாடுகிற பெண்ணுக்கு அது சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மருத்துவரைப் பார்.

பவுடர், மாத்திரை, யாரோ கொடுத்த மூலிகைச் சூரணம் எதையும் கேட்காமல் வாயில் போடாதே. தீபாவுக்குத் தடை வந்தது ஹைஜெனமைன் என்ற பொருளால். அது எதிலிருந்து உடம்புக்குள் வந்தது என்றே தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். தெரியாமல் வந்தாலும் தடை தடைதான், 2023 ஜூலை வரை அவரால் போட்டியில் ஆட முடியவில்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட, நான் போட்டியில் ஆடுகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்கு.

அடுத்த பத்தியை அம்மா அப்பாவிடம் காட்டு மா.

பெற்றோருக்கு: ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொடுப்பவர் பிள்ளையைத் தொட்டுத் தாங்கித்தான் ஆக வேண்டும், விழாமல் பிடிப்பது அவர் வேலை. அதனாலேயே இங்கே வெளிச்சமும் திறந்த கதவும் மற்ற விளையாட்டைவிட அதிகம் தேவை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல வருஷம் பிள்ளைகளைப் பாலியல் கொடுமை செய்தார். 2018இல் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று பேசினார்கள். அவர்களில் பலர் சிறுவயதிலேயே யாரோ ஒரு பெரியவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெரியவர்கள் நம்பவில்லை. உங்கள் பிள்ளை பயிற்சிக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொன்னால், சோம்பேறித்தனம் என்று சொல்லுமுன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பூட்டிய அறையில் தனியாக மசாஜ், தனியாக ஊர்ப்பயணம், ராத்திரியில் ரகசியக் குறுஞ்செய்தி இவை எதுவும் பயிற்சியின் பகுதி ஆகாது. யாரிடம் சொல்வது என்று தெரியாத குழந்தைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. அதை அவளுக்கு மனப்பாடமாக்குங்கள். இன்னொன்று. படிப்பை நிறுத்தாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் பிள்ளையின் முழங்காலைப் பணயம் வைப்பது நியாயமில்லை.

மகளே, உன் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. விழுந்த பிறகு ஏறும்போது எதை நினைப்பது?

விழுந்ததும் முதலில் நின்று பார். கணுக்கால், மணிக்கட்டு, தலை. எதிலாவது குத்தினால், தலை சுற்றினால், கையைத் தூக்கி கோச்சைக் கூப்பிடு, ஏறாதே. ஒன்றும் இல்லையென்றால் அந்த 1.0 போய்விட்டது, அதை யாராலும் திருப்ப முடியாது. ஏறிய பிறகு செய்ய வேண்டியது மட்டும்தான் உன்னிடம் மிச்சம். உள்ளங்கையில் கொஞ்சம் சாக் பவுடர். பீமில் இரண்டு கையையும் வைத்து ஒரு முறை மூச்சை முழுசாக வெளியே விடு. ஏறி நின்றதும் கீழே பார்க்காதே, காலையும் பார்க்காதே. பீம் ஐந்து மீட்டர் நீளம், அதன் மறுமுனையில் கண்ணை வை. அங்கே பார்த்தால் உடம்பு நேராக நிற்கும். பிறகு அடுத்தது என்ன என்று உனக்கு நீயே சொல்லிக்கொள், ஒரே ஒரு வார்த்தை போதும். "திருப்பம்." "தாவல்." "கால்விரல்." அதைச் செய். பிறகு அடுத்த வார்த்தை.

பயிற்சியிலும் இதைப் பழகு. விழுந்த பிறகு முதலிலிருந்து தொடங்காதே, விழுந்த இடத்திலிருந்து ஏறி முடி. பலரும் விழுந்தவுடன் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து செய்கிறார்கள். போட்டியில் அதற்கு இடமில்லை, அதனால் அந்த நிமிஷம் அவர்களுக்குப் புதிதாக இருக்கிறது. உனக்குப் புதிதாக இருக்கக்கூடாது.

தரையில் கோடு போட்டுத் தொடங்கிவிட்டாயா என்று எழுது. மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்றும் எழுது. உன் கடிதத்தில் நாலாவது வரியில் "கை கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை" என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறாய். அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து தெரிகிறது. இந்த வாரமே அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
உன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பவள்